ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு மாதச் சம்பளமும்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் பேரனின் முதல் பிறந்த நாளுக்கு எங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியில் மதியச் சாப்பாடு கொடுத்தோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி அது. வாடகை வீட்டில் நடக்கிறது. முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, வடை, கேசரி என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்து, பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். கேக்கும் வாங்கிப் போயிருந்தோம். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கைதட்டி, பிறந்தநாள் பாட்டுப் பாடினோம். மருமகள் போட்டோ எடுத்தாள்.

கைதட்டல் ஆரம்பித்ததுமே ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். உடம்பு நடுங்கியது. நான் கேசரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமாதானப்படுத்தப் போனேன். ஓர் இளம் ஆசிரியை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் மேசைக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை, தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் கழித்து ஒரு சின்ன அட்டையை நீட்டினார். அதில் ஒரு டிபன் டப்பாவின் படம் இருந்தது. பையன் மெதுவாக வெளியே வந்தான். அவனுடைய டப்பாவில் வெறும் இட்லி இருந்தது, அதைத்தான் சாப்பிட்டான்.

"வெள்ளையா இருக்கறதைத்தான் சாப்பிடுவான் சார். பிரியாணி வாசனையே அவனுக்கு ஆகாது. சத்தமும் ஆகாது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அந்த ஆசிரியை. நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட அவனைப் பழக்கவே இரண்டு வருடம் ஆனதாம்.

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற வங்கிக்காரன் என்பதால், "கணக்கு எழுத ஆள் வேண்டுமா?" என்று அடுத்த மாதமே போய்க் கேட்டேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் அங்கே கணக்கு எழுதுகிறேன். முதல் நாளே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சாப்பாடு போடுகிறவர்கள் பெயர் எழுதும் காலண்டர் மூன்று மாதத்துக்கு நிரம்பியிருந்தது. பிறந்த நாள், திருமண நாள், அப்பாவின் திதி, அம்மாவின் நினைவு நாள். ஆசிரியர் சம்பளப் பக்கத்துக்கு வந்தால், பெற்றோர் கட்டும் கட்டணத்தைத் தவிர வேறு வரவே இல்லை. மாதா மாதம் துண்டு விழுகிறது.

"சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கிறாங்க சார். சம்பளத்துக்குத்தான் யாரும் வர்றதில்லை" என்றார் தலைமை ஆசிரியை.

இந்தப் பள்ளிகளெல்லாம் எப்படித் தொடங்கின, முதலில் யார் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. நூலகத்திலும் பேத்தியின் கணினியிலும் படித்துத் திரட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். (ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். மதி இறுகிப்போனது போல் தொனிப்பதால் எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.)

பதினோரு பிள்ளைகள்

இந்தப் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். நம் ஊரிலேயே "அவன் ஒரு மாதிரி", "அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்காது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு மருத்துவ உலகம் தெளிவாகப் பெயர் வைத்தது 1943இல். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்த லியோ கானர், 8 பையன்கள், 3 பெண்கள் என்று 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன் உலகத்துக்குள்ளேயே இருப்பது, எல்லாம் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பது, பேச்சை மற்றவர்களோடு பழகுவதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது என்று பொதுவான குணங்களை வரிசைப்படுத்தினார்.

அந்தப் பதினோரு பேரில் முதலாமவர் டொனால்ட் ட்ரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அப்பா வக்கீல். மகனைப் பற்றிக் கானருக்கு அவர் 33 பக்கம் கடிதம் எழுதினார். அதற்கு முன்பே டாக்டர்களின் பேச்சைக் கேட்டு, மூன்று வயதுப் பிள்ளையை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு மனம் கேட்காமல் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். பின்னால் பையன் சில காலம் ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்கினான். எதைப் பார்த்தாலும் எண்ணும் பழக்கம் அவனுக்கு. அந்த விவசாயி அதை நிறுத்தச் சொல்லித் திட்டவில்லை. "உழுதுகொண்டே சோள வரிசையை எண்ணு" என்று விட்டார். அளவுகளில் பிள்ளைக்கு ஆர்வம் என்று தெரிந்ததும் கிணறு தோண்டும் வேலையில் சேர்த்து, ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடமே இல்லாத இடத்தில் கிடைத்த நல்ல பாடம் அது.

டொனால்ட் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். பிறகு சொந்த ஊரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகளுக்குப் போய் வந்தார். 2023இல் 89 வயதில் காலமானார். வங்கியில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய எனக்கு இதைப் படித்தபோது சொல்லத் தெரியாத சந்தோஷம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த வங்கி அவருடைய அம்மா வீட்டாருடையது. காசு இருந்தது, ஊரில் மதிப்பு இருந்தது. 1971இல் கானர் அதே பதினோரு பேரைத் தேடி, அவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதினார். அரசு மனநல மருத்துவமனைகளில் விடப்பட்ட பிள்ளைகள் இருந்த கொஞ்சத் திறமையையும் இழந்து, அங்கேயே முடங்கிப் போயிருந்தார்கள். அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்று அவரே வருத்தத்தோடு எழுதினார். சொந்த வங்கி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வழி? அதற்கு விடை தேடியவர்கள் பெற்றோர்கள்தான்.

லண்டனில் ஒரு நிலவறை வகுப்பு

இங்கிலாந்தில் 1944இல் வந்த கல்விச் சட்டம் பெரிய சீர்திருத்தம் என்று பெயர் வாங்கியது. எல்லோருக்கும் இலவச மேல்நிலைக் கல்வி தந்த சட்டம். அதே சட்டத்துக்குள் ஒரு சின்ன வாசல் இருந்தது. "இந்தக் குழந்தைக்குக் கல்வி புகட்ட முடியாது" என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டால், அந்தக் குழந்தை கல்வித் துறையின் கையைவிட்டுப் போய் சுகாதாரத் துறையின் பொறுப்பாகிவிடும். பிறகு பள்ளிக்கூடம் கிடையாது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

1960களின் தொடக்கத்தில் ஹெலன் அலிசன் என்ற தாய் பி.பி.சி. வானொலியின் பெண்கள் நிகழ்ச்சியில் தன் மகனைப் பற்றிப் பேசினார். தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை என்று பல பெற்றோர் எழுதினார்கள். அதுவரை ஒவ்வொரு குடும்பமும் உலகத்தில் தங்களுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. 1962 தொடக்கத்தில் வட லண்டனில் ஒரு வீட்டில் சில பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பெயர் பின்னால் சில தடவை மாறியது. இன்று அது நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி. அதைத் தொடங்கியவர்களில் லோர்னா விங் ஒருவர். அவர் மனநல மருத்துவர். அதோடு ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணின் தாய். படித்த மருத்துவருக்கே தன் பெண்ணைச் சேர்க்கப் பள்ளி கிடைக்கவில்லை என்றால் மற்றவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதே வருடம் சிபில் எல்கர் என்ற பெண்மணி லண்டனில் தன் வீட்டு நிலவறையில் ஒரு வகுப்புத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன் ஒரு பள்ளி அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தவர். தபால் வழியில் மாண்டிசோரிப் பயிற்சி படித்தார். அந்தச் சமயத்தில் மனநலம் குன்றியவர்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளை வைத்திருந்த ஒரு மருத்துவமனையைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் எதுவும் செய்யாமல் சும்மா விடப்பட்டிருந்த காட்சி அவரை உலுக்கிவிட்டது. "இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்" என்ற பிடிவாதத்தோடு வீட்டிலேயே ஆரம்பித்தார்.

இங்கே சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபையில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். என் பெரியம்மா தலைமுறை ஆசிரியைகள் அந்தப் பெயரைப் பக்தியோடு சொல்வார்கள். இன்று மாண்டிசோரி என்றால் வசதியானவர் வீட்டுப் பிள்ளைகள் போகும் நர்சரி என்றாகிவிட்டது. ஆனால் அந்த அம்மையார் முதன்முதலில் ரோம் நகரத்தில் கற்றுக்கொடுத்தது, படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். கையால் தொட்டு, அடுக்கி, பொருத்திப் பார்க்கும் அந்த முறை சிபில் எல்கர் வழியாக மறுபடியும் அதே மாதிரிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

எல்கர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. தினமும் அதே நேரத்துக்கு அதே வேலை. வழவழவென்று பேசாமல் சின்னச் சின்ன வார்த்தைகளில் சொல்வது. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி காட்டுவது. கண்டிப்பு, ஆனால் கோபம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை. மேசைக்கடியில் போன பையன் முன்னால் அட்டையோடு உட்கார்ந்த நம்மூர் ஆசிரியை அந்தப் பரம்பரையில் வந்தவர்தான்.

பெற்றோர் சங்கமும் எல்கரும் சேர்ந்தார்கள். நன்கொடை திரட்டி லண்டனின் மேற்கே ஈலிங் பகுதியில் ஒரு கட்டடம் பிடித்து 1965இல் பள்ளி திறந்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே நடத்தப்பட்ட உலகத்தின் ஆரம்பப் பள்ளிகளில் அது ஒன்று. எல்கர் அதன் தலைமை ஆசிரியை. பின்னால் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நன்கொடை கொடுத்தவர்களில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஒருவர். நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

நான் கவனித்தது ஒன்று. அந்தப் பெற்றோர்கள் பணத்தை எதற்குத் திரட்டினார்கள் என்றால், ஒரு கட்டடத்துக்கும் அதற்குள் நின்று சொல்லித்தர ஓர் ஆசிரியைக்கும். பிள்ளைகளுக்கு எது குறை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெரிய பணம் போன வழி

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. பிள்ளைக்கு ஆட்டிசம் வரக் காரணம் தாயின் பாசமின்மை என்று ஒரு கொள்கை பரவியிருந்தது. "குளிர்பதனப் பெட்டி போன்ற தாய்" என்று ஒரு பட்டமே வைத்தார்கள். சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் அந்தக் கொள்கையின் பெரிய பிரசாரகர். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்து ஆராய்வதற்கு 1956இல் ஃபோர்டு அறக்கட்டளை அவருக்குப் பெருந்தொகை வழங்கியது. 1967இல் அவர் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. எத்தனையோ தாய்மார்கள் தாங்களே பிள்ளையைக் கெடுத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார்கள்.

அதை எதிர்த்தவரும் ஒரு தகப்பனார்தான். சான் டியாகோவில் கடற்படையில் உளவியலாளராக வேலை பார்த்த பெர்னார்ட் ரிம்லண்ட். தன் மகனுக்காகக் கிடைத்ததை எல்லாம் படித்து, இது பிறவியிலேயே உடம்பு சம்பந்தப்பட்டது, தாயின் குற்றம் இல்லை என்று 1964இல் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் அமெரிக்கப் பெற்றோர்களும் சங்கம் அமைத்தார்கள். 1969இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு முதியவரான கானர் வந்தார். அவருடைய பழைய எழுத்துகளிலும் பெற்றோரைக் குறை சொல்லும் தொனி இருந்தது. அன்று மேடையில் நின்று, பெற்றோர்கள்மேல் குற்றமில்லை என்று சொன்னார்.

தர்மம் செய்தால் புண்ணியம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கொடுத்த பணம் எங்கே போகிறது என்று பார்க்காமல் கொடுத்தால், கோடிக்கணக்கில் கொடுத்தாலும் ஒரு தாயின் கண்ணீரில் போய் முடியலாம். நிலவறையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செலவு அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நின்றது அதுதான்.

சட்டம் வந்தது

இங்கிலாந்தில் 1970இல் ஒரு சட்டம் வந்தது. 1971 ஏப்ரல் முதல் "கல்வி புகட்ட முடியாத குழந்தை" என்று எந்தக் குழந்தையையும் ஒதுக்க முடியாது என்றானது. எல்லாக் குழந்தைகளும் கல்வித் துறையின் பொறுப்பு. அமெரிக்காவில் அதே மாதிரிச் சட்டம் 1975இல் வந்தது. பெற்றோர் சங்கங்கள் இரண்டு நாட்டிலும் இதற்காகப் பாடுபட்டவை. படிக்கவைக்க முடியும் என்பதற்குச் சாட்சியாகக் காட்டுவதற்கு அவர்களிடம் பள்ளிகளே இருந்தன. நன்கொடையால் செய்த பெரிய காரியம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. முதலில் செய்து காட்டி, பிறகு அரசாங்கத்தைச் செய்யவைத்தார்கள்.

பிள்ளைகள் வளராமல் இருப்பார்களா? 1974இல் சங்கம் சாமர்செட் மாவட்டத்தில் பெரியவர்களுக்கென்று ஓர் இல்லம் திறந்தது. ஈலிங் பள்ளியில் படித்தவர்கள் வளர்ந்து நின்றபோது, அடுத்தது என்ன என்ற கேள்விக்குப் பதில் அது. அதையும் நடத்தியவர் எல்கர்தான். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று நம் பள்ளி வாசலில் நின்று என்னிடம் கேட்காத பெற்றோர் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னாலும் அதே கேள்விதான் இருந்திருக்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் கதை ஒரு வீட்டுக்குள்தான் தொடங்குகிறது. 1944இல் பம்பாயில் வக்கீல் என்ற பார்சித் தம்பதியர், டவுன் சிண்ட்ரோம் உள்ள தங்கள் மகளுக்காகத் தங்கள் வீட்டிலேயே பள்ளி ஆரம்பித்தார்கள். ஜெய் வக்கீல் பள்ளி என்று அது இன்றும் நடக்கிறது. சென்னையில் 1953இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் கில்டு ஆஃப் சர்வீஸ், பால விஹார் என்ற பள்ளியைத் தொடங்கியது. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளி என்றுதான் அப்போது சொன்னார்கள். ஆட்டிசம் என்ற பெயரே நம் ஊர் டாக்டர்கள் பலருக்குப் பழக்கமில்லாத காலம். அந்தப் பிள்ளைகளும் இந்தப் பெயருக்குக் கீழேதான் வந்திருப்பார்கள்.

1985இல் சென்னையில் பூனம் நடராஜன், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். அவரும் அப்படி ஒரு பிள்ளையின் தாய். அதுதான் பிறகு வித்யா சாகர் ஆனது. டெல்லியில் 1991இல் மெர்ரி பருவா என்ற தாய் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆட்டிசத்துக்கென்றே ஒரு பள்ளியையும் 1994இல் திறந்தார். அதற்குப் 'திறந்த கதவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். அவர் பள்ளியோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க ஆரம்பித்தார். இன்று நாட்டின் பல ஊர்களில் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்களில் அங்கே பயின்றவர்கள் உண்டு.

இங்கும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. அதில் ஆட்டிசம் இல்லை. பட்டியலில் இல்லை என்றால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லை என்றால் சலுகை இல்லை. வங்கியில் படிவம் படிவமாகப் பார்த்த எனக்கு அந்த வலி புரிகிறது. பெற்றோர் அமைப்புகள் போராடி, 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கவைத்தார்கள். மத்திய அரசு அந்த அறக்கட்டளைக்கு 100 கோடி ரூபாய் மூலதனம் கொடுத்தது. பெற்றோர் காலத்துக்குப் பிறகு பாதுகாவலர் யார் என்பதற்கு மாவட்ட அளவில் வழி செய்தது அந்தச் சட்டம்தான். நம் பூனம் நடராஜன் பிறகு அந்த அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். 2005இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 வகையாக நீட்டியது. ஆட்டிசத்துக்கு அதில் இடம் உண்டு. குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று அது சொல்கிறது.

உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. அதை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியை எங்கே? அங்கேதான் மறுபடியும் என் கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன்.

கணக்குப் புத்தகம் சொல்வது

சாதாரணப் பள்ளியில் ஓர் ஆசிரியர் நாற்பது பேருக்குப் பாடம் நடத்திவிடலாம். இங்கே ஓர் ஆசிரியை நாலைந்து பேரைப் பார்த்துக்கொண்டாலே பெரிய விஷயம். சில பிள்ளைகளுக்கு ஒருவருக்கு ஒருவர் வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர், கைவேலைப் பயிற்சிக்கு ஒருவர் என்று வாரத்தில் சில நாள் வருவார்கள். ஆகவே செலவில் பெரும்பகுதி மனிதர்களுக்கான சம்பளம். அந்தச் சம்பளமும் அதிகமில்லை. மேசைக்கடியில் போன பையனை வெளியே அழைத்து வந்தாரே, அந்த ஆசிரியைக்கு மாதம் 14,000 ரூபாய். நான் பேரன் பிறந்த நாளுக்கு அன்று செலவழித்தது 7,000. இரண்டு விருந்து, ஓர் ஆசிரியையின் ஒரு மாதம்.

ஆசிரியைகள் அடிக்கடி மாறினால் என்ன ஆகும் என்பதையும் இந்த மூன்று வருடத்தில் பார்த்துவிட்டேன். போன வருடம் ஒருவர் அதிகச் சம்பளம் கிடைக்கிறது என்று வேறு வேலைக்குப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவரிடம் பழகியிருந்த ஒரு சிறுமி மூன்று மாதம் யாரிடமும் ஒட்டவில்லை. கற்றுக்கொண்டிருந்த நாலைந்து சொற்களும் நின்றுபோயின. நாற்காலி உடைந்தால் வேறு வாங்கலாம். இதை எப்படி வாங்குவது?

அன்னதானத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் சோறு இருக்கிறது. இல்லாதது வேறு. நம் ஊரிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1794இல் காலமான பச்சையப்ப முதலியார், கோயில் காரியங்களுக்கும் தர்மங்களுக்கும் பணம் எழுதி வைத்தார். வழக்கு வருடக்கணக்கில் நடந்து பணம் சேர்ந்தபோது, உபரியைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வழி செய்தது. 1842இல் சென்னையில் பச்சையப்பர் பள்ளி அப்படித்தான் வந்தது. கோயில் கைங்கரியமும் நிற்கவில்லை, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளும் படித்தார்கள். காலத்துக்குத் தகுந்தபடி தர்மத்தின் வாய்க்காலைக் கொஞ்சம் திருப்பிவிடுவது நமக்குப் புதிதல்ல.

போன வருடம் தலைமை ஆசிரியையிடம் சொல்லி, சாப்பாட்டுக் காலண்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு காலண்டர் மாட்டினேன். பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு மாதத்துக்கும் ஆசிரியைகளின் பெயர். யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தையோ அரை மாதத்தையோ எடுத்துக்கொள்ளலாம். வருமான வரிச் சலுகைக்கான ரசீதும் உண்டு. முதல் கட்டத்தில் பேரன் பெயரை எழுதினேன். என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். "குழந்தைங்க வாய்ல ஒரு ஸ்வீட் போடாம எப்படிங்க?" என்றாள். அவளுக்காக அன்று வெறும் இட்லி மட்டும் எடுத்துப் போனோம். கேக் இல்லை, பாட்டு இல்லை.

அந்தப் பையன் அன்று மேசைக்கடியில் போகவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தன் இடத்தில் உட்கார்ந்து, தட்டில் இருந்த மூன்று இட்லியையும் ஒழுங்காகச் சாப்பிட்டான். பக்கத்தில் அதே ஆசிரியை இருந்தார்.

பன்னிரண்டு மாதத்தில் இதுவரை ஐந்து மாதம் நிரம்பியிருக்கிறது. இன்னும் ஏழு காலியாக இருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பள்ளி நிச்சயம் இருக்கும். அடுத்த முறை பேரப்பிள்ளைகள் பிறந்த நாள் வரும்போது அங்கே போய், "என்ன சாப்பாடு போடட்டும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்த மாதம் சம்பளம் கொடுத்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.